துர்தாகுனைத் தேடிப்போன துணிகள்

அன்பு மகள் பெகாயிமுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் மாமனும் நல்லபடியாக இருக்கிறோம், சிவப்புப் பசு போன வாரம் கன்று போட்டது, கிடேரி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல், ஈரச் சாக்ஸோடு திரியாமல் இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு இதை எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் படித்து முடித்ததும் அப்படி ஆகிவிடு. அன்றைக்குப் போனில் மாமனுக்குக் காலில் அடி, இப்போது தேவலை என்று மட்டும் சொன்னேன், நீ பேக்கரியில் நின்றுகொண்டு பேசினாய், பின்னால் யாரோ உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், சிக்னலும் விட்டு விட்டு வந்தது, இந்தக் கதையை அப்படி நின்றுகொண்டு கேட்க முடியாது. வேன்கார எமிலின் தங்கை நூர்ஸாத் உங்கள் ஊருக்கு வேலைக்கு வருகிறாள், அவள் கையில் இதையும் வெண்ணெயையும் கொடுத்து அனுப்புகிறேன். டீ போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்பட வேண்டாம், மாமன் இதோ அடுப்புப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், இவ்வளவு நேரமாக யாருக்கு எழுதுகிறாய் என்று கையால் கேட்கிறான், நான் கன்னத்தில் குழியைக் காட்டினேன், உனக்கு அவன் வைத்த பெயர் அதுதானே, உடனே முகமெல்லாம் சிரிப்பு.

அன்றைக்குச் சனிக்கிழமை, கோச்கோர் சந்தை. நவ்ருஸ் பண்டிகை நெருங்கியதால் மாமன் பனிக்காலம் முழுக்க அச்சுப் போட்ட துணியை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனான், தலையணை உறை, சாப்பாட்டு விரிப்பு, ஆட்டுக்கொம்புப் பூ போட்ட திரைச்சீலை, காகிதத்தில் குதிரை போட்ட வாழ்த்து அட்டைகள். வழக்கம்போல எமில் வேன். எமிலுக்கு மாமன் வைத்திருக்கும் சைகை உனக்குத் தெரியும், ஸ்டீயரிங் பிடித்தபடியே தூங்கி விழுவது போலச் செய்வான், எமிலுக்கு இன்னமும் அதில் கோபம். சாயங்காலம் திரும்பும்போது தோலோன் கணவாய்க்கு இந்தப் பக்கம் இறங்குவதற்கு முன்னாலேயே பனிப்புயல் பிடித்துக்கொண்டது. எமில் வேனும் நரீன்காரர் ஒருவருடைய வேனும் ஒன்றன் பின் ஒன்றாகப் பனியில் புதைந்துவிட்டன. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள், மாமனும் இறங்கினான், தள்ளுவது என்றால் அவன்தான் முதல் ஆள். முன்னால் நின்ற வேன் கிளம்பியது, அது நின்றால் மறுபடி புதையும் என்று ஆட்கள் ஓடி ஓடி ஏறினார்கள், அடுத்து எமில் வேன் கிளம்பியது, மிச்சப் பேர் அதில் தொற்றினார்கள், காற்று அடித்த அடியில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியவில்லையாம். எல்லாரும் ஏறியாச்சா என்று எமில் கத்திக் கேட்டிருக்கிறான். ஏறியாச்சு என்று பதிலும் வந்திருக்கிறது. காதுள்ளவர்கள் எல்லோரும் ஏறித்தான் இருந்தார்கள். மாமன் துர்தாகுன் அந்த வேனில் இருப்பான் என்று இவர்கள் நினைத்தார்கள், இந்த வேனில் இருப்பான் என்று அவர்கள் நினைத்தார்கள். நம் மாமனால் ஓடத்தான் முடியும், கத்த முடியாதே.

எமில் நம் வாசலில் வந்து நின்றபோது அவன் கையில் மூட்டை மட்டும்தான் இருந்தது. "அக்கா, துர்தாகுன் அண்ணன் முன்னாடியே வந்துட்டாரா?" என்று கேட்டான். "யார்கூட வருவான், உன்கூடத்தானே போனான்" என்றேன். அவன் முகம் வெளுத்துப்போனதை நான் கண்ணால் பார்த்தேன் பெகாயிம், அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான். உன் அப்பா உள்ளேயிருந்து வந்தவர் நேராகக் குதிரைக்குச் சேணம் போடப் போய்விட்டார்.

ஊரில் குதிரை வைத்திருந்த ஆண்கள் எல்லோரும் போனார்கள், டிராக்டரும் போனது. ரோட்டுக்காரர்கள் கணவாயை மூடி, சரிவில் பனி சரிகிறது, ஆள் போகக்கூடாது என்று தடுத்திருக்கிறார்கள், இவர்கள் கெஞ்சி, வேன் புதைந்த இடம்வரை நடந்து ஏறியிருக்கிறார்கள். கிடைத்தது ஒரே ஒரு கையுறை. நான் பின்னிய சாம்பல் நிறக் கையுறை, கட்டைவிரல் பக்கம் நீல நூல் போட்டுத் தைத்தது. அதற்குமேல் குதிரைக்கே இடுப்பளவு பனி. திரும்பிவிட்டார்கள். அதே புயலில் மின்கம்பிகள் அறுந்து பள்ளத்தாக்கு முழுக்க இருட்டு, போன் கோபுரமும் செத்துப்போனது. போலீசுக்கு ஆள் அனுப்பிச் சொன்னோம், பாவம் அவர்கள் என்ன செய்வார்கள், பாதை திறக்கட்டும் என்றார்கள்.

அப்புறம் சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். உன் பெரியப்பா வழி ஆட்கள் தெருமுனையில் குதிரையிலிருந்து இறங்கும்போதே, நம் வழக்கப்படி, ஐயோ என் தம்பியே என்று குரல் எடுத்துவிட்டார்கள். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, வாசற்கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். "இங்க யாரும் சாகலை. அழணும்னா அவங்கவங்க வீட்டுல அழுங்க. டீ குடிக்கிறதுன்னா உள்ள வாங்க" என்றேன். பெரியவர்கள் எதிரில் நான் அப்படிப் பேசி யாரும் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டு உள்ளே வந்து டீ குடித்தார்கள். இமாம் வீட்டு சலீமா மட்டும் கிளம்பும்போது சால்வைக்குள் இருந்து ஒரு மடிப்பு வெள்ளைத் துணியை எடுத்து என் மடியில் வைத்தாள். கபன் துணி, புதைக்கும்போது உடலில் சுற்றுவது. "வேண்டியிருக்காதுன்னு துவா கேட்டுட்டுத்தான் கொண்டு வந்தேன். இருந்தாலும் வீட்டுல இருக்கட்டும்" என்றாள். அவளைக் கோபிக்க முடியவில்லை. வாங்கிப் பெட்டிமேல் வைத்தேன், அந்தப் பக்கம் திரும்பாமலேயே வீட்டில் நடமாடினேன்.

எல்லோரும் போன பிறகு உன் அப்பா மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். அவர் சுபாவம் உனக்குத் தெரியும், பேசுவதற்கு முன்னால் டீக் கிண்ணத்தை மூன்று தரம் திருப்புவார். "அனார், நான் அந்த இடத்தைப் பார்த்துட்டு வந்திருக்கேன். நீ பார்க்கல. அங்க மனுஷன் பிழைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லை. பனி உருகட்டும், நானே போய் அவனைக் கூட்டிட்டு வர்றேன்" என்றார். கூட்டிட்டு வர்றேன் என்றுதான் சொன்னார், தூக்கிட்டு வர்றேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த மனிதரும் மாமனோடு இருபது வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவர். நான் சொன்னேன், "செத்திருந்தா பனி உருகினதும் கிடைப்பான், அதுக்கு அவசரம் இல்லை. உயிரோட இருந்தா? யாராவது வண்டில ஏத்திட்டுப் போயிருந்தா? அவங்க உன் பேர் என்னன்னு கேட்டா அவன் என்னத்தைச் சொல்லுவான்?" அவர் கிண்ணத்தைத் திருப்புவதை நிறுத்திவிட்டார்.

இதுதான் என்னைத் தூங்கவிடாமல் அரித்துக்கொண்டிருந்தது மகளே. மாமனைச் சின்னதில் காது கேளாதவர்கள் பள்ளிக்கு அனுப்பவில்லை, அவனுக்கு எழுத்து தெரியாது. நாம் அவனோடு பேசும் கைப்பாஷை நம் வீட்டிலேயே பிறந்தது, நம் தெருவைத் தாண்டினால் அது யாருக்கும் புரியாது. நான் என்றால் இடுப்பில் கை வைத்து முறைப்பது, அப்பா என்றால் கிண்ணம் திருப்புவது, நீ என்றால் கன்னக்குழி. வேற்றூரில் ஒருத்தரிடம் அவன் கிண்ணம் திருப்பிக் காட்டினால் டீ கேட்கிறான் என்று டீதான் ஊற்றுவார்கள். அவன் வாய் சொல்லாததை அவன் முகம்தான் போய்ச் சொல்ல வேண்டும். ஆனால் முகத்தை எப்படி அனுப்புவது? போனில் படம் இருக்கிறது, அதைக் காகிதத்தில் எடுத்துத் தர ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த வீட்டில் கரண்டும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம், அச்சுப் போட ஒரு மரக்கரண்டி போதும் என்று.

மாமனின் மூலைக்குப் போய்த் தேடினேன். அச்சு செதுக்க வைத்திருந்த லினோலியத் துண்டு எல்லாவற்றிலும் பூவும் கொம்பும் செதுக்கித் தீர்த்திருந்தான், வெறும் துண்டு ஒன்றுகூட இல்லை. அடுப்படித் தரையைப் பார்த்தேன். பழைய கிளப்பை இடித்தபோது உன் அப்பா தோளில் சுமந்துவந்து ஒட்டிய லினோலியம், அடியில் சணல் வைத்த கெட்டிச் சரக்கு. சுத்தியலையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு முட்டி போட்டேன். நான் செய்வதை அவர் கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "மேசைக்கு அடியில எடு, நடுவுல எடுக்காதே" என்றார்.

நான் இதுவரை செதுக்கியதே இல்லை பெகாயிம். மாமன் செதுக்குவான், மை தடவுவான், துணியை மேலே விரித்துக் கரண்டி முதுகால் தேய்ப்பது மட்டும்தான் என் வேலை. துண்டை அடுப்பருகில் வைத்துச் சூடு காட்டினால் இளகும், அது தெரியும். உளியை எப்படிச் சாய்ப்பது என்பது தெரியாது, இடது கை ஆள்காட்டி விரல் அன்றைக்கே கிழிந்தது, இப்போது ஆறிவிட்டது, அதற்காக நீ போன் செய்ய வேண்டாம். அவன் முகத்தை என் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு கீறினேன், ஒட்டிய புருவம், விரிந்த காது, குட்டிக்குதிரை உதைத்த தழும்பு இடது கன்னத்தில், அந்தப் பழைய நரித்தோல் தொப்பி. கீழே பெரிய எழுத்தில், துர்தாகுன், காது கேட்காது, பேச்சு வராது, வீட்டில் தேடுகிறோம் என்று, கூடவே நம் ஊர்ப் பெயர். நம் ஊரில் போன் செத்துக் கிடந்ததால் எமிலின் நம்பர், அவன்தான் சிக்னல் உள்ள ரோட்டில் திரிகிறவன். அப்போது பக்கத்து வீட்டுக் கனிஷாய் ரொட்டியோடு வந்தாள், எட்டிப் பார்த்தாள். "யாரடி இது? கம்பளிக்குள்ள இருந்து எட்டிப் பார்க்கிற கிடாவா?" என்றாள். "துர்தாகுன்" என்றேன். ரொட்டியை வைத்துவிட்டு என் பக்கத்தில் முட்டி போட்டாள். "அப்ப மூக்கைக் கொஞ்சம் விட்டு வைடி, அந்த மூஞ்சியில இருக்கிறதே அதுதான்" என்றாள். அவள் நாக்கு அப்படி, ஆனால் அந்த நாக்கு அன்றைக்கு எனக்கு மருந்தாக இருந்தது.

மாமனின் மை டப்பா காலி. அடுப்புக் குழாயில் இருந்து கரியைச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சி அதில் குழைத்தோம். சாக்ஸுக்குள் கம்பளி மயிரைத் திணித்து ஒற்றுப் பந்து செய்தோம். நோட்டுத் தாளை மேலே போட்டு, நான் கரண்டியால் தேய்த்து, ஓரத்தைப் பிடித்து மெல்ல உரித்தேன். முகம் வந்துவிட்டது மகளே. கோணல்தான், ஒரு கண் பெரிது, ஒரு கண் சின்னது, ஆனாலும் அந்தத் தாளில் இருந்து என் தம்பி என்னைப் பார்த்தான். நான் மூச்சு விடுவதற்குள் கனிஷாய், "அனார், இது என்ன பாஷை?" என்றாள். எழுத்தெல்லாம் தலைகீழ் வரிசை, கடைசி எழுத்து முதலில் நிற்கிறது, நம்பர் பின்பக்கமாக நடக்கிறது. கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற்றிச் செதுக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மாமன் பூவும் கொம்பும்தான் செதுக்குவான், அதில் எது வலம், எது இடம். மறுநாள் காலையில் கணவாயைத் திறக்கிறார்கள் என்று அப்போதுதான் செய்தி வந்திருந்தது, அந்தப் பக்கம் போக லாரிகள் வரிசையில் நிற்கின்றன, இன்னொன்று செதுக்கி முடிக்க நேரமே இல்லை. கையுறை கிடைத்தபோது அழாதவள், பெரியவர்களை வாசலில் நிறுத்தியபோது அழாதவள், அந்தத் திரும்பிப்போன எழுத்துகளைப் பார்த்து அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன். கனிஷாய்கூடக் கேலி செய்யவில்லை, என் தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

உன் அப்பா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பினார். பிறகு, "அனார், இந்தப் பக்கம் வந்து பாரு. பின்னாடி சரியாத்தான் இருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். தாளின் முதுகில் எழுத்துகள் நேராக நின்றன, தழும்பும் இடது கன்னத்திலேயே இருந்தது. மங்கலாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அவர் எண்ணெயில் விரலைத் தொட்டுத் தாளில் பூசினார், கண்ணாடி மாதிரி ஆகி எழுத்து பளிச்சென்று வெளியே வந்தது. "வண்டிக் கண்ணாடியில உள்பக்கமா ஒட்டினா வெளியே நிக்கிறவன் நேராப் படிப்பான்" என்றார். நம்பிக்கை இல்லை என்று சொன்ன மனிதர்தான் பெகாயிம், அவர் குரலே மாறிவிட்டது. லாரிகளின் முன்னால் கட்டுவதற்குத் துணி வேண்டும், காகிதம் பனியில் நிற்காது. ஆனால் மை மறுபக்கம் ஊறித் தெரிகிற மாதிரி மெல்லிய துணியாக வேண்டும், நம் வீட்டுப் படுக்கை விரிப்பெல்லாம் தடிப்பு. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பெட்டியைப் பார்த்தோம். நான் கனிஷாயை அனுப்பி சலீமாவைக் கூப்பிட்டேன், அவளைக் கேட்காமல் தொடக்கூடாது இல்லையா. அவள் வந்து தாளைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். "எதுக்குக் கொடுத்தேனோ அதுக்கு வேண்டாம்னுதானே இத்தனை நாளா துவா கேட்கிறேன். வெட்டு" என்றாள். கத்தரிக்கோலின் முதல் வெட்டை அவளையே போடச் சொன்னேன்.

அன்றைக்கு நம் வீட்டை நீ பார்த்திருக்க வேண்டும். தெருப் பெண்கள் ஆளுக்கொரு மரக்கரண்டியோடு வந்தார்கள். ஒருத்தி மை ஒற்ற, ஒருத்தி துணியை இழுத்துப் பிடிக்க, ஒருத்தி தேய்க்க. ஒவ்வொரு தடவையும் ஓரத்தைத் தூக்கி, மறுபக்கம் ஊறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்போம். ஊறாத இடத்தில் கனிஷாய் கரண்டியை அழுத்திக்கொண்டு, "வாடா மூக்கா, வெளியே வா" என்பாள். எல்லோர் முகத்திலும் கரி. யாரோ சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்த பிறகு பயமாக இருந்தது, பிறகு அந்தப் பயமும் போய்விட்டது. அடுப்புக்குமேல் கயிறு கட்டி வரிசையாகக் காயப்போட்டோம், துணிக்குத் துணி துர்தாகுன், சில துணியில் தூங்குகிறான், சில துணியில் முறைக்கிறான். சமையல் தாள், தையல் மாதிரி வெட்டும் தாள் என்று மெல்லியதாக இருந்த எல்லாவற்றிலும் போட்டு எண்ணெய் பூசினோம்.

எமில் வாசலுக்கு வெளியேதான் நின்றான். அன்றிலிருந்து அவன் நம் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை, தினமும் வருவான், விறகைப் பிளந்து வைத்துவிட்டுப் போய்விடுவான், டீக்குக் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொள்வான். நான் துணிக்கட்டை எடுத்துப்போய் அவன் கையில் வைத்தேன். "உன் நம்பரைத்தான் போட்டிருக்கேன். இனிமே நீ தூங்கக் கூடாது" என்றேன். "நான் எங்கக்கா தூங்குறேன்" என்றான். அவனும் உன் அப்பாவும் கணவாய் வாசலில் நின்று, போகிற ஒவ்வொரு லாரியையும் நிறுத்திக் கட்டினார்கள். பின்பக்கம்தான் வெளியே தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு டிரைவருக்கும் சொல்லிச் சொல்லி உன் அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சீனாச் சரக்கு ஏற்றிப்போகிறவர்கள், ஆட்டு லாரிக்காரர்கள், யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லையாம். எமில் வேனின் ஒவ்வொரு ஜன்னலிலும் மாமன் முகம், வெளியே பார்க்கத் துளி இடமில்லாமல்.

அப்புறம் காத்திருந்தோம். அதைப்பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை, பால் கறந்தேன், ரொட்டி சுட்டேன், ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஒரு மத்தியானம் எமில் வேன் தெருவில் ஹாரன் அடித்தபடியே வந்தது. இந்தத் தடவை எமில் வாசலில் நிற்கவில்லை, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அடுப்படிவரை ஓடிவந்துவிட்டான். வந்த வேகத்தில் ஸ்டீயரிங் பிடிப்பது போலச் செய்து தூங்கி விழுந்து காட்டினான். நான் ஒரு நொடி இவனுக்குப் பைத்தியமா என்று நினைத்தேன். "அண்ணன் ஆஸ்பத்திரில இதைச் செஞ்சு காட்டினாராம்க்கா. போன் பண்ணின அம்மா சொன்னாங்க, இதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டாங்க" என்றான், அழுதுவிட்டான். உன் அப்பா அவனை இழுத்து அணைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். வேன்கள் போன பிறகு மாமன் அந்த வெள்ளைக் காற்றில் திசை தெரியாமல், நம் பக்கம் என்று நினைத்து கோச்கோர் பக்கமே நடந்திருக்கிறான். அது நல்லதாகப் போனது, இந்தப் பக்கம் நடந்திருந்தால் சரிவு. பாதை மூடுவதற்குக் கடைசியாக இறங்கிய லாரி ஒன்று அவனை விளக்கில் பார்த்து நிறுத்தியது. ஓட்டியவர் கஜகஸ்தான்காரர், வடக்கே தூரமாகப் போகிறவர், அவனைப் போர்வையில் சுற்றித் தனக்குத் தெரிந்த பாலிக்சி ஊர் ஆஸ்பத்திரிக்கே நேராகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுப் போய்விட்டார், அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது, தொழுகையில் அந்தக் கஜகஸ்தான்காரர் என்று சொல்லித்தான் கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பார்த்திருக்கிறார்கள், பெயர்தான் தெரியவில்லை. அங்கே வார்டில் வேலை பார்க்கிற தமாரா என்ற அம்மாதான் போன் பண்ணியவள். ஒருநாள் ரோட்டோர டீக்கடையில் நிற்கும்போது, ஆட்டு லாரியின் முன்னால் துணி ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்ததாம். முதலில் ஏதோ தேர்தல் துணி என்று நினைத்தாளாம். தழும்பைப் பார்த்தாள், டிரைவரிடம் அவிழ்த்துத் தரச் சொல்லிக் கேட்டாள். "எங்க வார்டுல ஒருத்தர் இருக்கார், எதைக் கேட்டாலும் கிண்ணத்தைத் திருப்பிக் காட்டுறார், நாங்க டீயா ஊத்திக் கொடுத்துட்டே இருக்கோம்" என்று சொல்லியிருக்கிறாள். நான் சொன்னேன் பார்த்தாயா. உன் அப்பாவைத்தான் கேட்டிருக்கிறான், அத்தனை டீயையும் மரியாதைக்காகக் குடித்திருக்கிறான்.

துணியை அவன் மடியில் விரித்தபோது முதலில் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தானாம், தமாராவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், முகத்தை அதில் புதைத்துக்கொண்டான், தூக்கவே இல்லையாம். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் எழுந்து வந்து நின்றார்களாம். அப்புறம் தமாராவின் பையிலிருந்து பேனாவை எடுத்து மூக்கைத் திருத்தினானாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தத் துணி தலைமாட்டில் தொங்கியது, கிடா போய் மனுஷ மூக்கு வந்திருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவன் என்னைப் பார்த்து இடுப்பில் கை வைத்து முறைத்தான், நான் முறைப்பது மாதிரியே. அப்போதுதான் கால் எனக்கு நகர்ந்தது. வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் பெகாயிம், பனி தின்றுவிட்டது. இதுதான் நான் போனில் சொல்லாமல் விட்டது. நடக்கிறான், கொஞ்சம் சாய்வு, கோடையில் குதிரை ஏறலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்த விரல்களைப்பற்றி அவனுக்குப் பெரிய துக்கம் இருப்பதாகத் தெரியவில்லை, எடுத்த விரல்களை உனக்குக் காட்டினார்களா என்று கனிஷாய் கேட்டதற்குத்தான் முகத்தைச் சுளித்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவன் முதலில் பார்த்தது அடுப்படித் தரையை. மேசையை நகர்த்தி, ஓட்டையைப் பார்த்து, என்னைப் பார்த்து, நான் செதுக்கிய துண்டை எடுத்துத் தடவிப் பார்த்தான். உளி ஆழமாகப் போன இடங்களில் விரலை வைத்துத் தலையை ஆட்டினான். பிறகு எழுத்துகளில் கை வைத்து, இதில் நான் எது என்று கேட்டான். காட்டினேன். அடுத்த நாள் முழுக்க அதையே விரலால் கீறிக்கொண்டிருந்தான், மேசையில், பனி படிந்த ஜன்னலில், மாட்டின் முதுகில்கூட. அதற்கடுத்த நாள் ஒரு ரப்பர் துண்டில் தன் பெயரைச் செதுக்கினான், கண்ணாடி எழுத்தாக, என் தப்பைப் பார்த்ததால் வந்த புத்தி. அச்சு நேராக விழுந்தது. இத்தனை வயதில் முதல் எழுத்து. தன் கோட்டின் உள்பக்கம் போட்டான், சட்டையில் போட்டான், தொப்பியில் போட்டான், பிறகு உன் அப்பா பெயரைக் கேட்டு வாங்கி அதையும் செதுக்கி அவருடைய உள்ளாடை ஒன்றுவிடாமல் போட்டுவிட்டான். "நான் எங்கடா தொலையப் போறேன், கழுதை" என்று அவர் திட்டுகிறார், ஆனால் துவைத்து அழிந்துபோனால் மறுபடி போடச் சொல்லி அவரே கொண்டுபோய் நீட்டுகிறார். எமில் இப்போது யாரையும் கத்திக் கேட்பதில்லை, வண்டி கிளம்புமுன் பின்னால் ஏறி ஒவ்வொருவர் தோளையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறான். ஆள் கிடைத்துவிட்டான், துணியை அவிழ்த்துவிடுங்கள் என்று லாரிக்காரர்களிடம் சொன்னோம், சிலர் மாட்டேன் என்கிறார்கள், ராசியான முகம் என்று.

போன வாரம் ஒருநாள் மாமன் என் எதிரில் வந்து உட்கார்ந்து கன்னக்குழியைக் காட்டினான், பிறகு தூரம், பிறகு நிறைய ஜனம், பிறகு இரண்டு கையையும் விரித்து, அங்கே அவளை யாருக்குத் தெரியும் என்று கேட்டான். உன் பெயர் எழுதிக் கொடுத்தேன். பார்சலில் வெண்ணெய்க்கு அடியில் சின்னச் சின்ன வெள்ளைப் பட்டைகள் இருக்கும் பார், உன் பெயர், நம் ஊர், நம் நம்பர், எல்லாம் அவன் கை வேலை. பெரிய கோட்டில் ஒன்று, வேலைக்குப் போடும் கோட்டில் ஒன்று, உள்பக்கமாகத் தைத்துக்கொள். கூடத் தங்கியிருக்கும் பெண்கள் சிரித்தால் சிரிக்கட்டும், அவர்களுக்கும் வேண்டுமென்றால் பெயர் எழுதி அனுப்பு, செதுக்க ஆள் இருக்கிறான், அவன் இப்போது எழுத்துப் பைத்தியம் பிடித்து அலைகிறான். நீ பெரிய மனுஷி, உனக்கு வாய் இருக்கிறது, பாஷை தெரியும், எனக்கு அதெல்லாம் தெரிகிறது. ஆனாலும் ஒருநாள் உனக்கு மயக்கம் வரலாம், பஸ்ஸில் போன் தொலையலாம், அப்போது முன்பின் தெரியாத ஒருத்தர் உன் கோட்டைத் திறந்து பார்த்தால், இவளுக்கு வீடு உண்டு, தேடி வர ஆள் உண்டு என்று தெரிய வேண்டும். தைத்ததும் தைத்துவிட்டேன் என்று மாமனுக்குக் காட்டு, வீடியோவில் கோட்டை விரித்துக் காட்டினால் போதும், சொல்ல வேண்டாம்.

வெண்ணெயைக் குளிரில் வை, ஒரே வாரத்தில் தின்று தீர்க்காதே. சாக்ஸ் கொஞ்சம் பெரிதாகப் பின்னிவிட்டேன், உள்ளே இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். நூர்ஸாத் முதல் தடவையாக ஊரைவிட்டு வருகிறாள், ஸ்டேஷனுக்கு நீயே போய்க் கூட்டிவா, அவள் வருவாள் என்று நினைத்து நீயும், நீ வருவாய் என்று நினைத்து அவளும் நிற்கக்கூடாது. போகிற பாதையும் வருகிற பாதையும் உனக்குத் திறந்தே இருக்கட்டும், நீ உட்கார்ந்து சாப்பிடும் விரிப்பில் எப்போதும் ரொட்டி இருக்கட்டும், நல்ல மனிதர்கள் உன் பக்கத்தில் நடக்கட்டும் மகளே. அப்பா உன் தலையில் கை வைத்ததாக எழுதச் சொன்னார், கனிஷாய் உனக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதாக எழுதச் சொன்னாள், அதை நீ படிக்காதது மாதிரி இருந்துகொள்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா அனார்குல்

பக்கத்திலேயே, என்னைத் தள்ளிவிட்டு, தானே பேனா பிடித்து எழுதியது:
துர்தாகுன்